ஆங்கிலப் பழமொழிகளும் நமது பிரசங்கபீடமும்

நமது சபைகளில் ஆண்டு முழுவதும் நிகழும் அருளுரைகளைக் கூர்ந்து கேட்போர் ஒன்றைக் கவனியாதிருக்க இயலாது. திருமறை வசனங்களுக்கு அடுத்தபடியாக, சிலவேளை அவற்றுக்கு முன்னதாகவே, பழமொழிகள் அங்கு இடம்பெறுகின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை தமிழ் உடை உடுத்திய ஆங்கிலப் பழமொழிகளே. ‘தனக்குத்தானே உதவி செய்கிறவனுக்குத் தேவன் உதவி செய்வார்’, ‘நேர்மையே சிறந்த கொள்கை’, ‘தூய்மை தெய்வீகத்துக்கு அடுத்தது’, ‘மனமுண்டானால் மார்க்கமுண்டு’ என்பவை நெடுங்காலப் பழக்கத்தினால் வேத வாக்கியங்களின் மதிப்பையே பெற்றுவிட்டன. முதலாவதைத் திருமறையில் உள்ளதென்றே நம்புவோர் பலர். நீதிமொழிகளின் புத்தகத்தில் அதனைத் தேடிக் களைத்த இறையியல் மாணவரும் உளர். இம்மொழிகள் எங்கிருந்து வந்தன, யாருடைய வாயிலிருந்து யாருடைய செவிக்குச் செல்லுகின்றன, சுவிசேஷத்தின் முன் நிற்கும் தகுதி அவற்றுக்கு உண்டா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நலம். ‘ஆங்கிலப் பழமொழி’ என்று நாம் வழங்குவதில் பெரும்பகுதி ஆங்கிலேயரின் தனிச்சொத்தன்று. ஜான் ஹேவுட் 1546இல் ஆங்கிலப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். ஜான் ரே 1670இல் இன்னும் விரிவானதொரு தொகுப்பை வெளியிட்டார். இவ்விருவருக்கும் இடையில், ஒரு சிற்றூரின் ஆயராக இருந்து 1633இல் மறைந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் திரட்டிய தொகுப்பு 1640இல் வெளிவந்தது. அதன் தலைப்பே அவை அயல்நாட்டுப் பழமொழிகள் என்று அறிவிக்கிறது. இராஸ்மஸ் ஆயிரக்கணக்கில் திரட்டித் தந்த கிரேக்க, இலத்தீன் முதுமொழிகளும், திருமறையின் வாசகங்களும், பிரெஞ்சு, இத்தாலியச் சந்தைப் பேச்சும் கலந்து உருவான செல்வமே ஆங்கிலப் பழமொழி என்பது. ஆதலின் அயல்நாட்டுச் சரக்கு என்னும் காரணத்தால் அதனைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பவுலடிகளும் கொரிந்தியருக்கு எழுதுகையில் மெனாந்தரின் நாடகத்தில் வழங்கிய ஒரு முதுமொழியைத் தயக்கமின்றி எடுத்தாளுகிறார் (1 கொரி. 15:33).

தமிழ்நாட்டில் இச்சரக்கு இறங்கிய துறைமுகம் மிஷன் பள்ளிக்கூடம். பிள்ளைகள் கையெழுத்துப் பயிற்சிக்கு எழுதியதும், மொழிபெயர்ப்புத் தேர்வுக்கு உருப்போட்டதும் இவையே. அதே மிஷனரிகள் எதிர்த்திசையிலும் உழைத்தார்கள் என்பதை நன்றியுடன் குறிப்பிடவேண்டும். பீட்டர் பெர்சிவல் 1842இல் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். 1874இல் சென்னையில் வந்த இரண்டாம் பதிப்பில் அவை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டன. 1894இல் ஜான் லாசரஸ் தம் பழமொழி அகராதியை வெளியிட்டார். 1897இல் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்து அச்சேற்றினார். 1860-களில் ஆற்காட்டுப் பகுதியில் ஊன்றிய அந்த மிஷனின் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் திருவண்ணாமலையில் நடைபெறுகிறது. அண்ணாமலையார் கோபுரங்களின் நிழலில் வாழும் எங்களுக்கு ஜென்சனின் நூல் அயலார் நூலன்று.

அந்நூலை இன்று விரிப்பவர் அதன் உழைப்பை வியப்பார். அதன் குறையையும் காண்பார். ஜென்சன் பல இடங்களில் தமிழ்ப் பழமொழியின் கீழ் அதற்கு இணையென அவர் கருதிய ஆங்கிலப் பழமொழியை வைக்கிறார். அயல்நாட்டு வாசகருக்கு அது உதவி, சந்தேகமில்லை. ஆயினும் ‘இது அதற்குச் சமம்’ என்று எழுதியவுடனே தமிழ்ச் சொல்லின் மண்வாசனை போய்விடுகிறது. காலப்போக்கில் அளவுகோல் எது, அளக்கப்படும் துணி எது என்பதே மாறிப்போயிற்று. ‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதைத் தூய்மையைப் பற்றிய ஆங்கிலப் பழமொழியோடு சேர்த்துப் படிப்பிக்கும் வழக்கம் நாம் அறிந்ததே. தமிழ்ப் பழமொழி கூழையும் கந்தையையும் அறியும். வறியவனின் வீட்டுக்குள்ளிருந்து, அவனுடைய மானத்தைக் காக்க எழுந்த குரல் அது. ஆங்கிலப் பழமொழிக்குக் கூழும் தெரியாது, கந்தையும் தெரியாது.

இனி, நம் பிரசங்கபீடத்தில் மிகுதியாய் முழங்கும் மொழிக்கு வருவோம். தனக்குத்தானே உதவுகிறவனுக்குத் தெய்வம் உதவும் என்னும் கருத்து ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதையில் உண்டு. சேற்றில் வண்டி புதைந்தவன் ஹெர்க்குலிஸை நோக்கிக் கூப்பிடுகிறான். தோளைச் சக்கரத்தில் கொடு என்பது அவனுக்குக் கிடைக்கும் விடை. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில அரசியல் சிந்தனையாளர் அல்ஜர்னன் சிட்னி இதனை எழுதினார். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளின் 1736ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அச்சிட்டுப் பரப்பினார். சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட தன்முயற்சியைப் பற்றிய புகழ்பெற்ற நூல் இதனைக்கொண்டே தொடங்குகிறது. ஆக இதன் மரபு கிரேக்கக் கதை, அரசியல் நூல், வணிகரின் பஞ்சாங்கம், தொழிற்புரட்சிக்கால முன்னேற்ற நூல் என வருகிறது. தீர்க்கதரிசியோ அப்போஸ்தலனோ இவ்வரிசையில் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். சென்ற நூற்றாண்டுகளில் ‘தலையெழுத்து’ என்னும் ஒரே சொல்லால் கட்டுண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, முயன்றால் முடியும் என்று ஒரு பள்ளிக்கூடம் சொன்னது பெரிய விடுதலை. பனையோலைக் குடிசையிலிருந்து வந்து ஆசிரியராகவும் செவிலியராகவும் உயர்ந்தவர்களின் நினைவில் அப்பழமொழி இனிமையாகவே இருக்கும். திருவள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை மற்றொன்றால் அழிக்கவில்லை. வகுப்பறையில், விதியென்னும் நோய்க்கு மருந்தாக, ஆசிரியர் தன் மாணவனின் தோளைத் தட்டிச் சொன்ன சொல் அது. அதே சொல்லைப் பிரசங்கபீடத்தில் ஏற்றி, அதன் எழுவாயாகத் தேவனை வைத்து, கூலிவேலை செய்வோரை நோக்கிச் சொல்லும்போது அது வேறொரு கோட்பாடாகிவிடுகிறது.

அக்கோட்பாடு திருச்சபைக்குப் புதியதன்று. தன்னால் இயன்றதைச் செய்பவனுக்குத் தேவன் கிருபையை மறுப்பதில்லை என்பது இடைக்காலப் பிற்பகுதியின் இறையியற் கூடங்களில் வழங்கிய முதுமொழி. காபிரியேல் பீல் போன்றோர் அதனை விரித்துப் போதித்தனர். மார்ட்டின் லூத்தர் அம்மரபில் பயின்றவர்; அதனை வாழ்ந்து பார்த்து மனமுடைந்தவர். 1517இல் கல்வியாளர் இறையியலுக்கு எதிராக அவர் எழுதிய கூற்றுகளும், 1518இல் ஹைடல்பர்க்கில் அவர் முன்வைத்த கூற்றுகளும் இம்முதுமொழியின் வேரையே தாக்குகின்றன. இயன்றதைச் செய்து கிருபையை அடையலாமென எண்ணுபவன் பாவத்தோடு பாவத்தைக் கூட்டுகிறான் என்னுமளவுக்கு அவர் சென்றார். அப்படியிருக்க, சீர்திருத்தத் திருநாளன்று கிருபையினாலே இரட்சிப்பு என்று பிரசங்கித்துவிட்டு, அடுத்த ஞாயிறு அதே பீடத்தில் பிராங்ளினின் பஞ்சாங்கத்தை வாசிப்பது எவ்வகையில் பொருந்தும்? முன்வாசலில் வெளியேற்றிய பெலேஜியனைப் பழமொழி வேடத்தில் பின்வாசல் வழியாக அழைத்துவருகிறோம்.

பெதஸ்தா குளத்தருகே கிடந்தவனை எண்ணிப்பாருங்கள் (யோவான் 5). முப்பத்தெட்டு ஆண்டு நோயாளி. தண்ணீர் கலங்கும்போது தன்னைத் தூக்கிவிட ஒருவருமில்லை என்பதே அவனுடைய முறையீடு. அக்குளத்தின் ஒழுங்கு, முந்திக்கொள்ளக் கூடியவனுக்கே சுகம் என்பது. நம் பழமொழியின் ஒழுங்கும் அதுவே. இயேசு அவனைக் குளத்துக்கு அனுப்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், பயிற்சிக்காக வந்திருந்த இறையியல் மாணவர் ஒருவர் அறுப்பின் ஞாயிறன்று இப்பழமொழியை வைத்து உருக்கமாகவே பேசினார். எறும்பினிடத்தில் கற்றுக்கொள்ளச் சொல்லும் நீதிமொழியையும் (6:6) துணைக்கு அழைத்தார். ஆராதனை முடிந்து, கைகுலுக்கும் வேளையில் ஒரு மூதாட்டி அவரிடம், “நல்லாப் பேசினீங்க தம்பி. ஆனா உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குக்கூட மிஞ்சாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அதுக்கும் வேதத்தில ஏதாவது இருக்குதா?” என்றார். மாணவர் புன்னகை செய்து நகர்ந்துவிட்டார். அவர் கேட்டது வேதத்தில் இருக்கிறது. ஏழைகளின் தரிசு நிலம் மிகுந்த ஆகாரத்தை விளைவிக்கக்கூடும், ஆனால் அது நியாயக்கேட்டினால் வாரிக்கொண்டு போகப்படுகிறது என்னும் கருத்துடைய வாக்கு நீதிமொழிகள் 13:23இல் நிற்கிறது. (எபிரெய மூலம் கடினமானது, பழைய தமிழ்த் திருப்புதலில் இக்கருத்து முழுத்தெளிவோடு வெளிப்படவில்லை. வேறு திருப்புதல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.) எறும்பின் வசனத்தைச் சபையார் அனைவரும் அறிவர், இவ்வசனத்தின்மேல் அருளுரை கேட்டவர் எத்தனை பேர்?

அம்மூதாட்டியின் பழமொழி சோம்பேறியின் சாக்குப்போக்கன்று. விளைந்ததை யார் எடுத்துக்கொண்டார் என்று அது கேட்கிறது. விடியற்காலையில் நாற்சந்தியில் மண்வெட்டியுடன் நின்று, அழைப்பார் இன்றி வீடு திரும்பும் ஆட்களை நம் ஊர்களில் யாரும் காணலாம். திராட்சத்தோட்டத்து உவமையில் பதினோராம் மணிவேளையில் நின்றவர்கள் தந்த விடை, தங்களை வேலைக்கு அமர்த்துவார் இல்லை என்பதே (மத். 20:7). வீட்டெஜமான் அவர்களுக்கு உழைப்பின் மேன்மையைப் போதிக்கவில்லை. வேலையும் முழுக்கூலியும் கொடுத்தான். வேலைசெய்ய மனதில்லாதவனைப்பற்றிப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை (2 தெச. 3:10) இங்கே எடுத்துக்காட்டுவோர் உண்டு. மனதில்லாதவனும் வேலையில்லாதவனும் ஒருவனல்லன் என்பதைப் பவுல் அறிந்தே எழுதினார்.

‘நேர்மையே சிறந்த கொள்கை’ என்பதைப்பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இது மொழிபெயர்ப்பிலேயே ஏமாற்றுகிறது. ஆங்கில மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் ‘பாலிசி’ என்னும் சொல் கொள்கையைக் குறிப்பதன்று. காரியசித்திக்கு ஏற்ற உபாயம் என்பதே அங்கு அதன் பொருள். நேர்மையாயிருந்தால் இலாபம் கிட்டும் என்று வணிகன் வணிகனுக்குச் சொன்ன யோசனையைத் தமிழாக்கினவர் அறக்கோட்பாடாக உயர்த்திவிட்டார். டப்ளின் பேராயர் ரிச்சர்ட் வேட்லி, இலாபம் கருதி நேர்மையாய் நடப்பவன் நேர்மையாளனே அல்லன் என்று இப்பழமொழியைக் கண்டித்தார். அவருக்குப்பின் அப்பதவியேற்ற ரிச்சர்ட் டிரெஞ்ச், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே பழமொழிகளின் ஒழுக்கத்தையும் இறையியலையும் ஆராயும் நூலை (1853) எழுதியிருந்தார். நமக்கு இப்பழமொழிகளை அனுப்பிவைத்த நாட்டிலேயே அவற்றை நிறுத்துப் பார்த்த திருப்பணியாளர்கள் இருந்தார்கள். சரக்கு வந்தது, தராசு வரவில்லை.

‘தூய்மை தெய்வீகத்துக்கு அடுத்தது’ என்பதை ஜான் வெஸ்லியின் கூற்றாகவே பலர் கருதுகின்றனர். உடையைப் பற்றிய அருளுரையில் அவர் அதனை எடுத்தாண்டது உண்மை. ஆயினும் ஏற்கனவே வழங்கிய சொல்லாகவே எடுத்தாண்டார். அழுக்கான உடைக்குப் பக்தியைக் காரணம் காட்டக்கூடாது என்பதே அவர் சொல்ல வந்தது. இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரிடையே இதன் பொருள் சுகாதாரம். சாதிச் சமுதாயத்தில் அதே சொல்லின் பொருள் வேறாகிறது. சுத்தம், அசுத்தம், தீட்டு என்னும் சொற்களால் மனிதரை மேலென்றும் கீழென்றும் பிரித்த மண்ணில், தூய்மையைத் தெய்வத்தின் அருகில் அமர்த்தும் பழமொழி யாரைத் தெய்வத்துக்குத் தூரமாக்குகிறது?

திருவண்ணாமலையில் இக்கேள்விக்கு முகமும் உருவமும் உண்டு. கார்த்திகைத் தீபத்தின்போதும் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகின்றனர். அவர்கள் சென்றபின் இலைகளையும் நெகிழிப் பைகளையும் கழிவுகளையும் வாரியெடுத்து வீதியை மீண்டும் வீதியாக்குகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். ஊரைத் தூய்மையாக்குகிறவர்களின் கையிலிருந்து தண்ணீர் வாங்கத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் முறையைத் தடைசெய்து 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பெற்ற பின்னரும் சாக்கடைக் குழிகளில் உயிர்கள் பலியாவது நின்றபாடில்லை. அப்பணியாளரில் நம் சபையாரும் உண்டு. ஞாயிறன்று வெள்ளை உடுத்திப் பின்வரிசையில் அமர்கிறார்கள். அவர்கள் காதுபட இப்பழமொழியைச் சொல்லும் போதகர் சுகாதாரத்தை மட்டும் கருதியே சொல்லலாம். கேட்பவர்கள் கேட்பது அதுவன்று. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கைகழுவுதலைப் பற்றிய முன்னோர் மரபை ஆண்டவர் எதிர்கொண்ட முறையை வைத்து இதனைச் சோதிக்கவேண்டும். பெரும்பாடுள்ள ஸ்திரீயும் குஷ்டரோகியும் சுத்தமானபின் அவரிடம் வரவில்லை.

அவ்வாறாயின் ஆங்கிலப் பழமொழியை அகற்றித் தமிழ்ப் பழமொழியை வைத்தால் போதுமா? மண்ணின் மணம் கமழும் இறையியல் என்று உற்சாகமாய்ப் புறப்படும் மாணவர் இங்கு நிதானிக்கவேண்டும். பெர்சிவல், ஜென்சன் தொகுப்புகளைப் புரட்டினால் பெண்களைப் பற்றியும் ஒடுக்கப்பட்ட சாதியாரைப் பற்றியும் அச்சிட நாணும் மொழிகள் வரிசையாய் நிற்பதைக் காணலாம். ‘பெண்புத்தி பின்புத்தி’ என்பது அவற்றில் மிக மென்மையானது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு நாட்டார் வழக்காறுகளை இறையியலுக்கு மூலமாக்க உழைத்தவர். மாற்றத்துக்கு உதவும் நாட்டார் வழக்காறு என்னும் பொருளில் 1986இல் நூல் எழுதினார். நாட்டார் வழக்கில் எளியோரின் எதிர்ப்பும் உண்டு, எளியோரை அடக்குவோரின் கருத்தும் உண்டு என்பதை அப்பணியிலிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டும். ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது முதல் வகை. பிரசங்கி 9:16இல் ஏழையின் ஞானம் அசட்டைபண்ணப்படுவதைக் கண்ட ஞானி இதைக் கேட்டிருந்தால் தம் சுவடியில் எழுதிக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊரின் பெயரால் வழங்கும் பழமொழி ஒன்று: ‘அண்ணாமலையாருக்கு அறுபத்துநாலு பூசை, ஆண்டிகளுக்கு எழுபத்துநாலு பூசை.’ தெய்வத்துக்கு நடப்பதைவிட அதைச் சுற்றியிருப்போருக்கு அதிகம் நடக்கிறது என்னும் ஏளனம் இதில் உண்டு. இதனை அயல் சமயத்தாரை இகழ எடுத்தாளுவது அற்பத்தனம். பக்தர்களே தம் சமயத்துக்குள்ளிருந்து தம் அமைப்பை நோக்கிச் செய்த விமரிசனம் இது. ஏலியின் குமாரரைப் பற்றிய பகுதியையும் (1 சாமு. 2), தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பரைப் பற்றிய எசேக்கியேலின் வாக்கையும் இதனோடு சேர்த்து வாசித்தால், நம் பேராயத் தேர்தல்களும் சொத்து வழக்குகளும் நினைவுக்கு வராமல் போகா. நான் அறிந்தவரை இப்பழமொழி எந்த ஆயர் மாநாட்டிலும் எடுத்தாளப்பட்டதில்லை.

திருமறை பழமொழிகளை எவ்வாறு நடத்துகிறது என்பதே இங்கு நமக்கு வழிகாட்டி. அது அயலார் மொழியை வாங்கிக்கொள்ளும். எகிப்திய ஆமெனெமோப்பின் போதனை 1923இல் அச்சில் வந்து, மறு ஆண்டு அடால்ஃப் எர்மன் அதற்கும் நீதிமொழிகள் 22:17 முதலான பகுதிக்கும் உள்ள உறவைக் காட்டியதுமுதல் இது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. எளியவனைக் கொள்ளையிடாதே என்னும் எச்சரிக்கை எகிப்திய நூலிலும் உண்டு. இஸ்ரவேலின் ஞானியோ, ஆண்டவரே அவர்களுக்காக வழக்காடுவார் என்னும் காரணத்தை அதற்கு அடியில் வைக்கிறார் (22:22, 23). வாங்கிய சொல் புதிய அஸ்திபாரத்தின்மேல் நிறுத்தப்படுகிறது. நாம் பிராங்ளினிடமிருந்து வாங்கியபோது அஸ்திபாரத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம்.

திருமறை பழமொழியை எதிர்ப்பழமொழியால் தடுக்கவும் செய்யும். மூடனுக்கு மறுமொழி கொடாதே, மூடனுக்கு மறுமொழி கொடு என இரண்டும் அடுத்தடுத்த வசனங்களில் நிற்கின்றன (26:4, 5). எப்பொழுது எது என்பதை ஞானமே தீர்மானிக்கவேண்டும். அதே அதிகாரம், மூடன் வாயிலுள்ள பழமொழியைக் குடிகாரன் கையில் அகப்பட்ட முள்ளுக்கு ஒப்பிடுகிறது. சிலவேளை பழமொழி ஒன்று முழுவதுமாகத் தடைசெய்யப்படுவதும் உண்டு. பிதாக்கள் புளித்த காயைத் தின்றதற்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று நாடெங்கும் வழங்கிய மொழியை இனி இஸ்ரவேலில் ஒருவரும் சொல்லவேண்டுவதில்லை என்று ஆண்டவர் ஆணையிடுகிறார் (எசே. 18). ‘தலையெழுத்து’ என்பதற்கு மட்டுமன்று, ‘குலத்தளவே குணம்’ என்பதற்கும் அவ்வாணை செல்லும்.

கெர்ஹார்ட் ஃபொன் ராட் 1970இல் எழுதிய இஸ்ரவேலின் ஞானம் பற்றிய நூலில், உலகில் ஓர் ஒழுங்கைக் கண்ட ஞானிகள் அவ்வொழுங்கின் எல்லையையும் அறிந்திருந்தனர் என்று விளக்குகிறார். அவ்வெல்லையை மறந்தவர்களே யோபின் நண்பர்கள். அவர்கள் பேசியவற்றில் தனித்து நோக்கினால் பிழையான வாக்கியம் அரிது. நம் அருளுரைக் கையேடுகளில் அவை அப்படியே இடம்பெறத்தக்கவை. குப்பைமேட்டில் உட்கார்ந்திருந்த ஒருவனை நோக்கிப் பேசப்பட்டதால் அவை பொய்யாயின. அவர்களுக்கு யோபு தந்த விடை 13:12இல் இருக்கிறது. எபிரெயத்தில் அங்கு நிற்பது ‘மாஷால்’, பழமொழி என்னும் சொல்லே: உங்கள் பழமொழிகள் சாம்பல் என்கிறான். நம் பழைய திருப்புதலில் அச்சொல் மறைந்துபோனது நமக்கு நட்டமே.

ஜென்சனின் நூல் இன்று மறுபதிப்பாகவும் இணையத்திலும் எளிதில் கிடைக்கிறது. அதில் எண் உண்டு, தமிழ் உண்டு, ஆங்கிலம் உண்டு, சில இடங்களில் விளக்கமும் உண்டு. யார் சொன்னது, யாரை நோக்கி, எந்த வேளையில் என்பதற்கு மட்டும் பெரும்பாலும் இடமில்லை. கிராமச் சபைகளுக்குப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், கேட்கும் பழமொழியை இம்மூன்று குறிப்புகளோடு ஓர் ஏட்டில் பதிவுசெய்து வந்தால், இரண்டொரு ஆண்டுகளில் நம் வகுப்பறைக்கு வேறொரு தொகுப்பு கிடைக்கும். செங்கம் சாலைச் சிற்றூரின் மூதாட்டி சொன்னது அதில் முதல் பக்கத்தில் இடம்பெறலாம்: சொன்னவர், நிலமில்லாத கூலியாள், கேட்டவர், பிரசங்கி, வேளை, அறுப்பின் ஞாயிறு.